அந்தோணியம்மாளுக்கு ஓர் அண்ணன்

4 நவம்பர் 1946, திங்கள்

மழை. கூரையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வாளி இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது ஒழுகலுக்குக் கீழே நாலாம் வகுப்பு கிரேசியை உட்கார வைத்தேன் என்று மதர் கடிந்துகொண்டார்கள். நான் வைக்கவில்லை. அவளேதான் நாக்கை நீட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

இந்த இல்லத்துக்கு வந்து இன்றோடு ஐந்து மாதம். தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர், கன்னியாஸ்திரிகள் நாலு பேர், சம்பளம் வாங்காத டீச்சர் ஒருத்தி. அது நான். வந்த நாளிலிருந்து யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் என்று சொல்லிப் பார்க்கிறேன். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கொழும்புதான். 'கொழும்பு டீச்சர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் கொழும்பைப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் பல் பிடுங்கப் போனபோது.

இன்றைய மடத்தனத்தை எழுதி வைக்கிறேன். நாலாம் வகுப்பில் கடிதப் பாடம். வலது மூலையில் தேதி, அன்புள்ள அண்ணனுக்கு, கடைசியில் இப்படிக்கு. "எல்லாரும் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. யாரிடம் போய் என்ன கேட்கிறாய், ஜெசிந்தா?

நான் பயந்தது வீண். எல்லாரும் ஆசையாக எழுதினார்கள். ரங்கூனில் யானை வளர்க்கும் அண்ணன். பினாங்கில் மிட்டாய்க் கடை அண்ணன். ஒருத்திக்கு ஏழு அண்ணன்மார், ஏழு பேரும் போலீஸ். கிரேசியின் சிலேட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஏன் எழுதேல்லை?"

"எனக்குத்தான் அண்ணன் கிடையாதுல்லா டீச்சர். இல்லாத ஆளுக்குக் கடிதாசி போட்டா யாரு வாங்குவா?"

ஒன்பது வயது. நான் தேதியை மட்டும் சரி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். தேதி சரியாகத்தான் இருந்தது.

5 நவம்பர்

மழை. நாற்பத்திரண்டு மூக்கும் ஒழுகுகிறது. கைக்குட்டையின் உபயோகம் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். கைக்குட்டைதான் இல்லை.

8 நவம்பர், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் இங்கே இரண்டு காட்சி. டிக்கெட் கிடையாது.

முதல் காட்சி காலையில். எங்கள் குசினியை ஆளும் அந்தோணியம்மாளுக்கும் எதிர்க் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கும் நடக்கும் கருப்பட்டிச் சண்டை. அந்தோணியம்மாளுக்கு இருபது வயது. கைக்குழந்தையாக மாதா கோவில் வாசலில் யாரோ விட்டுப்போன பிள்ளை. இங்கேயே வளர்ந்து, இங்கேயே சமைக்கக் கற்று, இப்போது மதரையே அதட்டுகிறாள். அண்ணாச்சிக்கு நாற்பது இருக்கும். சாத்தான்குளத்துக்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், இவர் கடையில்.

"என்ன அண்ணாச்சி இது? கருப்பட்டியா, களிமண்ணா? காப்பியில போட்டா அடியில வயக்காடே நிக்கி!"

"ஏளா, ஒனக்கு நாக்குதான் நீளம், கண்ணு அவிஞ்சு போச்சு. உடன்குடிச் சரக்குளா இது!"

"உடன்குடிக்காரனுக்குத் தெரிஞ்சா உம்ம மேல கேசு போடுவான்."

அரை மணி நேரம் இப்படிப் போகும். கடைசியில் அவர் வேறு கருப்பட்டி எடுத்துக் கொடுப்பார். அதுவும் அதே ஓலைப்பெட்டியிலிருந்துதான். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. எட்டு வருஷமாக நடக்கிறதாம்.

இரண்டாம் காட்சி மாலையில். கஸ்பார் மீன் கொண்டுவருவான். நல்ல உயரம், வெட்கம் அதற்கு மேல். சங்கு குளிக்கிறவன். சங்குக்குப் போகாத மாதங்களில் தூண்டில். கோவிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி இல்லத்துக்கு வாரம் ஒரு மீன் கொடுக்க ஆரம்பித்தவன், அதைக் குசினி வாசலில் அந்தோணியம்மாளின் கையில்தான் கொடுப்பான். கொடுத்துவிட்டுப் போகமாட்டான். அவளும் அரிவாள்மனையைத் தேடுகிறேன் என்று எதிரிலேயே இருக்கும் அரிவாள்மனையைத் தேடுவாள்.

முதலில் நெத்திலிதான் வந்ததாம். பிறகு சாளை. இன்றைக்கு ஒரு முழு சீலா. மதர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "மீன் வாரா வாரம் பெரிதாகிறது. திமிங்கிலம் வருவதற்குள் கல்யாணம் பேசிவிட வேண்டும்."

13 நவம்பர்

கஸ்பாரின் தாய் சவேரியம்மாள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறாள். அந்தோணியம்மாள் இன்றைக்கே மூன்று தரம் குசினியைக் கழுவிவிட்டாள். ரசத்தில் புளி இல்லை. யாரும் மூச்சு விடவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

என்னவோ ஆகிவிட்டது. என்னவென்று தெரியவில்லை. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிகிறது.

மதருக்குக் காய்ச்சல். "நீ பேசு, உனக்கு வாய் இருக்கிறது" என்று என்னை முன்னறைக்கு அனுப்பினார்கள். சவேரியம்மாள் மெலிந்த கைம்பெண். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. அந்தோணியம்மாளைப் பார்த்ததும் அவள் முகம் இளகியதை நான் கண்ணால் பார்த்தேன். கன்னத்தைக்கூடத் தடவினாள். காப்பி டம்ளரைக் கையில் எடுத்தாள். அந்த உற்சாகத்தில் நான் ஆரம்பித்தேன்.

"பெண்ணுக்குக் கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை. அண்ணன் தம்பி என்று நாளைக்கு யாரும் வந்து நிற்கமாட்டார்கள். ஒரு தொந்தரவும் கிடையாது. முழுக்க முழுக்க உங்கள் வீட்டுப் பெண்."

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை. மூன்று அண்ணன்மார் உள்ள வீட்டில் சீதனக் காணி எப்படித் துண்டு துண்டாகும் என்று எனக்குத் தெரியாதா? நான் அந்த வீட்டிலிருந்துதானே வந்தேன்! அதனால் ஒரு தரம் சொன்னால் போதாதென்று மூன்று தரம் சொன்னேன்.

சவேரியம்மாள் டம்ளரை வாயில் வைக்காமல் கீழே வைத்தாள். "நாங்க வாரோம் டீச்சரம்மா." எழுந்து போய்விட்டாள்.

காப்பி அப்படியே இருந்தது. கிரேசி குடித்துவிட்டாள்.

18 நவம்பர், திங்கள்

ஐயோ என்ரை மாதாவே. என்ன வேலை செய்துவிட்டேன்!

விறகு கொண்டுவரும் சந்தனமாரிதான் சொன்னாள். சொல்வதற்கு முன் விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சிரித்தாள்.

"அண்ணன் தம்பி இல்லன்னு நீங்களே சொன்னீகளாக்கும்? அதுவும் சங்கு குளிக்கவன் ஆத்தாகிட்ட! நல்ல ஆளு போங்க."

விஷயம் இது. குளிக்கிறவன் கடலுக்கு அடியில் இருக்கும்போது அவன் உயிர் வள்ளத்தில் இருக்கிறவன் பிடித்திருக்கும் கயிற்றில். கீழேயிருந்து கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். ஒரு கொட்டாவி விட்டால் போயிற்று. அதனால் அந்தக் கயிற்றைச் சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்களாம். மச்சினன்தான் பிடிக்க வேண்டும். பெண்டாட்டியின் அண்ணன் அல்லது தம்பி. தங்கச்சி தாலி அறுந்துவிடும் என்ற பயம் உள்ளவன் கைதான் நழுவாதாம்.

கஸ்பாருக்கு இதுவரை தாய்மாமன் பிடித்தார். அவருக்கு இந்த வருஷம் கை நடுக்கம் வந்துவிட்டது. சங்குக் குளிப்போ தை மாதம் தொடங்குகிறது. அண்ணன் தம்பி உள்ள பெண்ணாகத்தான் சவேரியம்மாள் தேடிக்கொண்டிருந்தாளாம். மகன் பிடிவாதத்துக்காக, அநாதை என்றாலும் எங்காவது ஓர் அண்ணன் இருந்துவிடமாட்டானா என்று பார்க்க வந்திருக்கிறாள். நான் மூன்று தரம் இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

மணப்பாட்டில் ஒரு பெண் இருக்கிறதாம். நாலு அண்ணன்மார்.

20 நவம்பர்

அந்தோணியம்மாள் என்னோடு பேசவில்லை. என் தட்டில் மட்டும் உப்பு இல்லை. நியாயம்தான். பேசாமல் சாப்பிட்டேன்.

22 நவம்பர், வெள்ளி

மீன் வந்தது. கஸ்பாரே வந்தான். ஆனால் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நெத்திலி.

பிற்பகல் முழுவதும் அந்தோணியம்மாளுக்கு அண்ணன் தேடினேன், மனதுக்குள். உபதேசியார்: கடலைக் கண்டாலே நல்ல மரணத்துக்கான ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். வாசல் காவலாளி: கயிற்றைப் பிடித்தபடியே தூங்குவார், சத்தியமாக. என் சொந்த அண்ணன்மார் மூன்று பேர்: கொடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூத்தவர் கிணற்றடிக்குப் போவதற்கே குடை பிடிப்பவர்.

கிரேசி கேட்டாள்: "அண்ணனை வாங்க முடியாதா டீச்சர்?" நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்து சவேரியம்மாள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். போகும் வழியெல்லாம் ஒரு நல்ல வாக்குவாதமும் தயார் செய்துகொண்டு போனேன்: காலம் மாறிவிட்டது, கூலிக்கு நல்ல ஆள் கிடைப்பான், ஒரு கயிற்றுக்காகப் பெண்ணை வேண்டாமென்பது சரியா, இத்யாதி.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கூலிக்கு ஆளு கெடைக்கும் டீச்சரம்மா. எங்க வீட்டுக்காரருக்கும் கூலிக்கு வந்தவன்தான் கயித்தப் பிடிச்சான். எனக்குக் கூடப் பெறந்த ஆம்பள கெடையாது. ஒண்ணுவிட்ட அண்ணன்தான் கஸ்பாருக்கு மாமன்னு இப்பம் பிடிக்காரு, அன்னைக்கு அவரு மலேயாவுல. கூலிக்காரன் பீடி பத்த வச்சான். ஒரு பீடிதான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவள் எழுந்து அடுப்பில் காப்பிக்கு வைத்தாள்.

"அந்தப் புள்ள தங்கமான புள்ள. எனக்குப் பிடிக்காமலா? அவளும் என்னைப்போல உக்காந்துரக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

தபசுகாலத்தில் கல்யாணம் நடக்காது, அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்கிறாள். அது தொடங்கும் விபூதிப் புதன் பெப்ரவரி 19. அதற்குள் அந்தோணியம்மாளுக்கு அண்ணன் வராவிட்டால் மணப்பாடு.

இந்தத் தரம் காப்பி கொடுத்தாள். குடித்தேன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. காப்பி சுட்டது என்று சொல்லிவிட்டேன்.

4 டிசம்பர்

அந்தோணியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க என்ன செய்வீங்க டீச்சர்? இல்லாததைத்தானே இல்லன்னு சொன்னீங்க" என்றாள். இதற்குப் பதில் உப்பில்லாத சோறே தேவலாம்.

10 டிசம்பர், செவ்வாய்

இன்றைக்கு ஒன்று நடந்தது. ஒழுங்காக எழுத வேண்டும்.

இல்லத்துக் கிணற்றில் வாளி மாட்டிக்கொண்டது. உள்ளே பக்கவாட்டில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது, வாளி அதற்கடியில் போய்விட்டால் லேசில் வராது. நான் இழுத்தேன், சிஸ்டர் இழுத்தார்கள், பெரிய பிள்ளைகள் எட்டுப் பேர் பாட்டுப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். கயிறு அறுந்துவிடும்போல் முறுகியது. கருப்பட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணாச்சி, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. கயிற்றை இரண்டு விரலால் தொட்டார். கண்ணை மூடினார்.

"வாளி சரிஞ்சு கெடக்கு. முக்கா வாளித் தண்ணி. கைப்பிடி கல்லுக்கு அங்கிட்டு." கயிற்றைத் தளர்த்தினார், ஒரு சாண் அளவு. ஒரு சுண்டு. வாளி வந்துவிட்டது. முக்கால் வாளித் தண்ணீர்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்க் கெணறு அறுபது அடி டீச்சர். ஏழு வயசுல கயித்தப் பிடிச்சேன். அடியில வாளிக்கு என்ன நடக்குன்னு கைக்குத் தெரியாட்டா எங்கன குடிக்க?"

அந்தோணியம்மாள் குசினி வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

11 டிசம்பர், புதன்

கேட்டேன். அந்தோணியம்மாளுக்கு அண்ணனாக நின்று கஸ்பாரின் கயிற்றைப் பிடிப்பீர்களா என்று அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். மறுத்துவிட்டார். மறுத்தார் என்பது குறைவு, தராசுத் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"கடலா? நானா? டீச்சர், பன்னெண்டு வருசமா இந்த ஊருல இருக்கேன், ஒரு நாளு கால் நனைச்சது கெடையாது. பீச் ரோட்டுல நடந்தாலே எனக்கு உமட்டும். கெணறு சொன்ன எடத்துல நிக்கும். கடலு நிக்குமா?"

அந்தோணியம்மாள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் பெட்டியிலிருந்து கருப்பட்டியை எடுத்தாள். பார்க்கவில்லை, முகரவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏளா, அது கொஞ்சம் எளகுன சரக்கு..." என்றார் அண்ணாச்சி. அவள் திரும்பவில்லை.

25 டிசம்பர்

நத்தார். என் வாழ்க்கையில் வீட்டை விட்டு முதல் நத்தார். கொஞ்சம் அழுதேன், அதிகமில்லை. பிள்ளைகள் நாடகத்தில் சூசையப்பருக்கு மீசை விழுந்துவிட்டது. ஆடு அதை எடுத்து ஒட்டிவிட்டது.

அண்ணாச்சி ஓலைப்பெட்டி நிறைய அதிரசம் அனுப்பியிருந்தார். அந்தோணியம்மாள் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. எண்ணெய் வாடை அடித்தது, அப்படியும் சொல்லவில்லை.

3 ஜனவரி 1947, வெள்ளி

மூன்று வாரமாகச் சண்டை கிடையாது. தெருவே என்னவோபோல் இருக்கிறது. கருப்பட்டி வரவர மோசம். இன்றைக்கு என் காப்பியில் ஒரு கூழாங்கல். அண்ணாச்சி வேண்டுமென்றே போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

6 ஜனவரி, திங்கள்

வேண்டுமென்றேதான்!

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்து வந்தால், அண்ணாச்சி எங்கள் வாசலில். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறார். முகம் சிவந்து கிடக்கிறது. என்னைப் பார்க்காமல் குசினியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏளா! கல்லுப் போட்டேன், மண்ணுப் போட்டேன், பூத்துப்போனதைக் குடுத்தேன். ஒரு வார்த்த கேட்டியாளா? கடை தொறந்தா தொறந்தாப்பல இல்ல, சோறு தின்னா தின்னாப்பல இல்ல. எங்க வீட்டுல கூடப் பெறந்தது அஞ்சும் ஆம்பளப் பயலுவ. எங்களை ஏசுததுக்குன்னு ஒரு பொட்டப்புள்ள கெடையாது. எட்டு வருசமா நீதாம்ளா ஏசுன!"

அந்தோணியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"கயித்தப் பிடிக்கேன். கடலு என்ன பண்ணுதோ பண்ணட்டும். நீ பேசு."

அவள் பேசினாள். பேசினாள் என்றா சொன்னேன்? மூன்று வாரத்துப் பாக்கியையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினாள். கூழாங்கல்லைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள்! கண்ணீர் ஒரு பக்கம் ஓட, அதைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "இதைத் தின்னு பாரும்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நானும் அழுதேன். சந்தனமாரி விறகைப் போட்டுவிட்டு அழுதாள். கிரேசி எல்லோரையும் பார்த்துவிட்டு, "கருப்பட்டிக்கா இம்புட்டு அழுகை?" என்று கேட்டாள்.

9 ஜனவரி

பங்குச் சுவாமியாருக்கு ஒரு சந்தேகம். ஞானஸ்நானம் பெறாதவர் எப்படி இந்தப் பெண்ணுக்கு அண்ணன் ஆவார்? மதர் பதில் சொன்னார்கள்: "கோவில் புத்தகத்தில் பெண் பெயரும் பிள்ளை பெயரும் எழுதினால் போதும் சுவாமி. கயிறு பிடிக்கிறவருக்கு அதில் இடமே இல்லை." சுவாமியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இல்லைதான்.

12 ஜனவரி, ஞாயிறு

சவேரியம்மாள் வந்தாள். அண்ணாச்சியிடம் சாதியும் சாமியும் கேட்கவில்லை. "கையக் காட்டும்" என்றாள். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "பீடி குடிப்பீரா?"

"வெத்தலைகூடக் கெடையாதும்மா."

"ஒரு நாளு வள்ளத்துல போங்க. எங்க அண்ணன் பாத்துச் சொல்லட்டும். அதுக்குப் பொறகு பேசுவோம்." அண்ணன் என்றது அந்தக் கை நடுங்கும் தாய்மாமனை. கண்டிப்பான மனிதராம்.

அண்ணாச்சி இப்போதே உமட்டுகிறது என்கிறார்.

20 ஜனவரி, திங்கள்

 பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

விடியும்முன்பே வள்ளம் போய்விட்டது. பொம்பளைகள் ஏறக்கூடாது. இயற்கைப் பாடம் என்று மதரிடம் பொய் சொல்லிவிட்டுப் பகலில் நாலாம் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதரும் பொய் என்று தெரிந்துதான் அனுமதி கொடுத்தார்கள். அந்தோணியம்மாள் வரவில்லை. மீன் இல்லாத நாளில் அரிவாள்மனையைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சவேரியம்மாள் மணலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். நான் பிள்ளைகளுக்கு நண்டு காட்டினேன். ஒரே நண்டைத்தான் மூன்று மணி நேரம் காட்டினேன் என்று கிரேசி பிறகு சொன்னாள்.

பிற்பகல் காற்றில் வள்ளத்தின் பாய் தெரிந்தது. முதலில் இறங்கியது கஸ்பார். இரண்டு காலில், முழுசாக. அவனுக்குப் பிறகு அண்ணாச்சியை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். துவைத்துப் பிழிந்த துணி தேவலாம்.

தாய்மாமன் சொன்னார். வள்ளம் துறையைத் தாண்டுமுன்பே வாந்தியாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். ஆனால் கஸ்பார் முதல் தரம் இறங்கியதும் அண்ணாச்சி கயிற்றை இரண்டு விரலில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாராம். வாந்தி எடுத்தாலும் தோளுக்கு மேல்தான். கை ஆடவில்லை. பத்துப் பன்னிரண்டு தரம் இறங்கி ஏறியிருக்கிறான். அதற்கடுத்த தரம் கீழேயிருந்து அசைவே வரவில்லை, அதற்கான நேரமும் ஆகவில்லை. திடீரென்று அண்ணாச்சி வாந்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மாட்டிக்கிட்டான்" என்றாராம். ஒரு சாண் தளர்த்தி, ஒரு சுண்டு சுண்டி, ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார்.

கஸ்பார் மணலில் உட்கார்ந்து தாயிடம் சொன்னான்: "சங்குப் பை கல்லு இடுக்குல மாட்டிக்கிட்டும்மா. எடுத்துரலாம் எடுத்துரலாம்னு மூச்ச மறந்துட்டேன். நான் அசைக்கதுக்கு முந்தியே மேல தூக்கிட்டாரு."

சவேரியம்மாள் எழுந்து தண்ணீருக்குப் போனாள். முந்தானையை நனைத்து அண்ணாச்சியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "கெணத்துப் பக்கமா ஒரு வேலையும் கெடையாதாம்மா ஒங்க ஊருல?"

நான் சிரித்தேன். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாய் செய்த வேலை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்! நல்ல வேளை. நல்ல வேளை. நல்ல வேளை.

10 பெப்ரவரி, திங்கள்

கல்யாணம். அண்ணாச்சி புதுச் சட்டையில். கோவிலில் எப்போது முழங்கால் போடுவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல், எதற்கு வம்பு என்று ஆரம்பம் முதல் முடிவு வரை நின்றுகொண்டே இருந்தார். சாத்தான்குளத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் அந்தோணியம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதானா இவரை எட்டு வருசமா ஏசுன மகராசி? நல்லா இரு" என்று நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தார்.

கஸ்பார் இன்று முதல் அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. மச்சான் என்கிறான். ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் அவர் பின்னால் திரும்பி யாரை என்று பார்க்கிறார்.

குசினியில் இனி யார் சமைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. இன்று சோறு நான் வடித்தேன். இதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

21 பெப்ரவரி, வெள்ளி

பெரியண்ணாவிடமிருந்து கடிதம். "நீ அங்கை நிண்டது காணும். பாஸ்குத் திருநாளுக்கு முன்னம் வந்து சேர். உனக்குப் பேசின தபால் கந்தோர் மாப்பிள்ளை எவ்வளவு நாளைக்குக் காத்திருப்பார்?"

பதில் போடாமல் மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம். நாலாம் வகுப்புக்கு இன்னும் பின்னக் கணக்கு ஆரம்பிக்கவில்லை.

24 பெப்ரவரி

அண்ணாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அடுத்த நத்தாருக்கு வருவேன், அதற்கு முன் இல்லை. தபால் கந்தோர்க்காரருக்குக் காத்திருக்கத் தெரியாதா, தபாலெல்லாம் அப்படித்தானே வருகிறது? உங்களோடு எனக்குக் கோபம் இல்லை, மூன்று பேரும் என்னை எப்போதும் கெட்டியாகத்தான் பிடித்துவைத்திருக்கிறீர்கள், இப்போது ஒரு சாண் தளர்த்துங்கோ என்றும் எழுதினேன். அவருக்கு இது விளங்காது. கோபித்துக்கொள்ளட்டும்.

8 மார்ச் 1947, சனி

பகல் இரண்டு மணிக்குக் கருப்பட்டி வாங்கப் போனேன். இப்போது குசினி வாரத்தில் மூன்று நாள் என் பொறுப்பு. மற்ற நாட்களில் அந்தோணியம்மாள் வீட்டிலிருந்து வந்து சமைக்கிறாள். பிள்ளைகள் அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கடை பூட்டியிருந்தது. கதவு ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கியது. வலது மூலையில் தேதி.

'அன்புள்ள அனைவருக்கும். கடை மூன்று மணிக்குத் திறக்கும். தங்கச்சி வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறார். கயிறு பிடிக்க நான் போயிருக்கிறேன். இப்படிக்கு, அந்தோணியம்மாளின் அண்ணன் சிவனணைந்தபெருமாள்.'

அண்ணாச்சிக்குக் கணக்கு எண்களைத் தவிர எழுத்து எதுவும் தெரியாது. இந்தக் கோணல் எழுத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். மறுபடி ஒரு தரம் படித்தேன். கிரேசி எழுதிய முதல் கடிதம். ஒரு துண்டு கருப்பட்டிதான் கூலி என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தோணியம்மாள் ஓலைப்பெட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், தெருவின் கோடியில் தெரியும் கடலைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். 

மூன்றேகாலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கஸ்பார் ஈரத்தலையோடு முன்னால். அண்ணாச்சி பின்னால், பச்சை முகத்தோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து. அந்தோணியம்மாள் எழுந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அண்ணனிடம் போனாள்.

"மூணு மணின்னு எழுதிப் போட்டுட்டு எத்தனை மணிக்கு வாரீரு? நேத்து குடுத்தது கருப்பட்டியா, கடப்பாரையா? கஸ்பார் பல்லு ஆடுது!"

அவர் முகத்தில் ரத்தம் ஊறியதைப் பார்க்க வேண்டுமே. "ஏளா, அது உடன்குடிச் சரக்கு..." என்று சாவியைத் தேடினார்.

அரை மணி நேரம் ஆகும் என்று தெரியும். கருப்பட்டி வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.